அத்தோ கடை மெனு போர்டு, முதல்முறை வருபவருக்குப் புரிகிறதா? சோதித்துப் பார்க்கும் முறை

சென்னை பாரிமுனைப் பக்கம் செகண்ட் லைன் பீச் சாலையில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். பழகியவர்கள் போர்டைப் பார்ப்பதே இல்லை. "அண்ணே, ஒரு அத்தோ, ஒரு முட்டை மசாலா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். புதிதாக வந்தவர்தான் அண்ணாந்து பார்த்துத் திகைத்து, பக்கத்தில் இருப்பவர் வாங்கியதையே வாங்கிக்கொண்டு போவார். அத்தோ என்பது பர்மிய நூடுல்ஸ். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு இது. அதில் பாதியை ஒருவர் ருசிக்காமலே திரும்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடை வைத்திருப்பவர்களும், அவர்களுக்கு போர்டு செய்து தரப் பழகுபவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். இஞ்ச் டேப், போன், அத்தோ சாப்பிட்டே இராத ஒரு நண்பர், இவ்வளவு போதும்.

1. இருட்டிய பிறகு போங்கள். கம்ப்யூட்டரில் பார்த்து மட்டும் சரி சொல்லாதீர்கள். டியூப்லைட் வெளிச்சம் ஃபிளெக்ஸில் பட்டு எந்த வரி மின்னி மறைகிறது, அடுக்கி வைத்த முட்டை அட்டை எதை மறைக்கிறது என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் தெரியும்.

2. எழுத்தை அளங்கள். பத்தடி தூரத்துக்கு ஒரு இஞ்ச் உயரம் என்பது பொதுவான கணக்கு. தமிழில் எதை அளக்கிறோம் என்பது முக்கியம். மேலே நிற்கும் புள்ளி, கொம்பு, கீழே இறங்கும் வால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 'ட', 'ப' போன்ற எழுத்தின் உடம்பை மட்டும் அளக்க வேண்டும். அப்புறம், எழுத்து ரொம்பத் தடிமனாக இருந்தால் 'வாழைத்தண்டு' என்பதில் உள்ள 'ண்' சுழி அடைத்துக்கொண்டு தூரத்தில் கறுப்புப் பொட்டாகிவிடும். அழகுக்காகத் தடிமனைக் கூட்டாதீர்கள்.

3. போர்டை போனில் படம் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து பளிச்சென்று இருப்பதாக நினைப்போம். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகக் கரைந்திருக்கும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. உணவுப் பொட்டலங்களில் அசைவத்துக்கு இருந்த பழுப்பு வட்டத்தை, உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ முக்கோணமாக மாற்றியதும், சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் வடிவத்தை வைத்தாவது கண்டுகொள்ளட்டும் என்றுதான்.

4. இனி நண்பரை அழைத்து வாருங்கள். இதுதான் உண்மையான பரீட்சை, இதற்கு நேரம் கொடுங்கள். "போர்டு நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், மனம் நோகக் கூடாதென்று நல்லா இருக்கு என்றுதான் சொல்வார். வேலை கொடுங்கள்: "சைவமா ஒண்ணு வாங்கு", "முட்டை போட்டதுல விலை கம்மியானது எது?" பிறகு வாயைத் திறக்காமல் அவர் கண்ணைப் பாருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறார், கடைக்காரரிடம் என்ன கேட்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பார்த்தவரை எல்லோரும் தடுமாறுவது மொய்ங்காவில்தான். பர்மாவில் அது மீன் குழம்போடு வருவது. இங்கே பல கடைகளில் வாழைத்தண்டு சூப்பில் நூடுல்ஸ். சைவம் சாப்பிடுபவர் கேட்கத் தயங்கி விட்டுவிடுகிறார். அந்தக் கடையில் என்ன ஊற்றுகிறார்களோ அதைப் பெயருக்குக் கீழே ஒரே வரியில் எழுதினால் தீர்ந்தது. பேஜோவுக்கும் அப்படியே: 'மொறுமொறு தட்டை, அத்தோவில் நொறுக்கிப் போடுவது'.

இதே வேலையை இன்னும் நாலு பேரிடம் கொடுங்கள். ஐந்து பேரைக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று, இணையதளங்கள் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். ஒருவர் பெரியவராக, கண்ணாடி போட்டவராக இருந்தால் நல்லது.

5. கியூஆர் அட்டை. எவ்வளவு தூரத்தில் ஸ்கேன் செய்கிறார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். ஒரு மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர். கட்டத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்.

திருத்தியதை உடனே ஃபிளெக்ஸில் அடிக்க வேண்டாம். சார்ட் பேப்பரில் மார்க்கரால் எழுதி, பழைய போர்டின் மேல் ஒரு வாரம் ஒட்டி வையுங்கள். "மொய்ங்கானா என்னண்ணே?" என்ற கேள்வி குறைந்திருந்தால் பிரிண்டுக்குக் கொடுக்கலாம்.