மின்சாரம் இல்லாமல் காய்கறியைக் காக்கும் செங்கல் குளிர் அறை: கட்டும் முறை

புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ்.கே.ராய், டி.எஸ்.குர்தியா ஆகியோர் 1980களில் உருவாக்கிய எளிய அமைப்பு இது. இரண்டு செங்கல் சுவர், நடுவே ஈர மணல், மேலே ஒரு மூடி, அவ்வளவுதான். சுவரிலிருந்து நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. 100 கிலோ தக்காளியின் சூட்டை 6 டிகிரி குறைக்க இவ்வளவு வெப்பத்தை வெளியேற்றினால் போதும்.

கல் வாங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். சாதாரண வெப்பமானியின் குமிழில் ஈரப் பஞ்சுத்துணியைச் சுற்றி, மதிய நேரம் நிழலில் ஐந்து நிமிடம் விசிறுங்கள். அது காட்டும் அளவுக்குக் கீழே அந்த நேரத்தில் உங்கள் அறை போகாது; நடைமுறையில் இரண்டு மூன்று டிகிரி மேலேயே நிற்கும். 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 20 விழுக்காடு என்றால் துணி சுற்றிய வெப்பமானி 22 டிகிரிக்கு இறங்கும். அதுவே 32 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கடற்கரை ஊரில் 29க்குக் கீழே இறங்காது. துணி சுற்றாமல் காட்டும் அளவுக்கும் சுற்றியபின் காட்டும் அளவுக்கும் வித்தியாசம் 5 டிகிரிக்கும் குறைவு என்றால் இதில் பணம் போடாதீர்கள். தருமபுரி, கரூர், திண்டுக்கல் பக்கம் மார்ச் முதல் மே வரை நன்றாக வேலை செய்யும். கார்த்திகை மழையில் எங்கேயும் பெரிய பலன் இருக்காது.

அடுத்தது அளவு. மூல வடிவத்தின் வெளி அளவு 165 × 115 செ.மீ., சுவர் உயரம் 67.5 செ.மீ., இரு சுவருக்கும் இடைவெளி 7.5 செ.மீ. 11 செ.மீ. அகலக் கல்லில் கட்டினால் உள்ளே கிடைப்பது 106 × 56 செ.மீ. கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிரேட் பெரும்பாலும் 54 × 36 × 29 செ.மீ. என்பதால், மூன்று கிரேட்டுக்கு 108 செ.மீ. வேண்டும், 2 செ.மீ. குறையில் ஒரு வரிசையே வீணாகிவிடும். வெளி அளவை 175 × 120 ஆக்கிவிட்டால் இரண்டு அடுக்காக ஆறு கிரேட் அடங்கும், ஓரங்களில் காற்றுக்கும் இடம் இருக்கும். உங்கள் கிரேட் வேறு அளவு என்றால், உள் அளவை முதலில் முடிவு செய்து, நீளத்தோடு 59 செ.மீ., அகலத்தோடு 59 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த அளவுக்கு 23 × 11 × 7.5 செ.மீ. சூளைச் செங்கல் உடைசல் சேர்த்து 480, மணல் 8 முதல் 9 கன அடி பிடிக்கும். கல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இயந்திரத்தில் கம்பியால் அறுத்த வழவழப்பான வயர்கட் கல்லும் சிமென்ட் கல்லும் உறுதியானவை, ஆனால் நீரை அதிகம் உறிஞ்சாததால் இந்த வேலைக்கு உதவாது. 3 கிலோ எடையுள்ள கல்லை ஒரு நாள் நீரில் ஊறப்போட்டு எடுத்தால் எடை அரை கிலோ கூடியிருக்க வேண்டும்.

இடம் மேடாகவும் நிழலாகவும், காற்று ஓடுகிற திசையிலும் இருக்கட்டும். மூடிய கொட்டகைக்குள் கட்டினால் ஆவியான ஈரம் அங்கேயே தங்கி, குளிர்வது நின்றுவிடும். தரையைச் சமன் செய்து, ஒரு பக்கம் லேசாகச் சரியும்படி செங்கல் பரப்புங்கள். அதன்மேல் இரண்டு சுவரையும் ஒன்பது வரிசை எழுப்புங்கள். இணைப்புக்குச் செம்மண் சேறு மெல்லிசாகப் போதும். சிமென்ட் கலவை வேண்டாம், பூச்சு கூடவே கூடாது. அழகுக்காக வெளிச்சுவரைப் பூசினால் நீர் வெளியேறும் வழியே அடைபட்டுப்போகும். அந்த அறையில் வைத்த காய் வெளியில் வைத்ததைப் போலவே வாடும்.

சுவர் முழுதையும் நனைத்தபின் இடைவெளியில் நனைந்த ஆற்று மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி நிரப்புங்கள். எம்-சாண்ட் என்றால் தூசி போகக் கழுவியே போட வேண்டும், இல்லையேல் இறுகி, நீர் அடிவரை இறங்காது. முதல் சில வாரங்களில் மணல் அமிழும், மேலே நிரப்பிக்கொண்டே வாருங்கள். மூடிக்கு மூங்கில் சட்டத்தில் வைக்கோல் அல்லது தென்னங்கீற்று வேய்ந்து, மேலே நனைத்த கோணிச்சாக்கு போடலாம். அறைக்கு மேல் ஆள் நிற்கும் உயரத்தில் கீற்றுப் பந்தல் அவசியம்.

காலையிலும் மாலையிலும் மணலுக்கும் சுவருக்கும் மூடிக்கும் நீர் தெளியுங்கள். உயரத்தில் ஒரு டிரம் வைத்து, மணலின் மேல் சொட்டுநீர்க் குழாய் ஓடவிட்டால் வேலை மிச்சம். மணல் ஈரமாக இருந்தால் போதும். அடியில் நீர் தேங்கினால் கீழ் கிரேட் அழுகும். உப்பு நீர் ஊற்றும் இடங்களில் சுவரில் வெள்ளை பூக்கும். அதைக் காய்ந்த பிரஷால் தேய்த்து எடுக்காவிட்டால் கல்லின் துளைகள் அடைபடும்.

புதிய அறையை ஒரு நாள் முழுக்க நனைத்துக் குளிரவிட்ட பிறகே காய் ஏற்றுங்கள். விடியற்காலையில் பறித்ததை, வெயில் ஏறுமுன், அடிபட்டதையும் புழு விழுந்ததையும் கழித்து வையுங்கள். கழுவிய காயின் மேல் நீர் நிற்கக் கூடாது. காய்ந்த கோடையில் ஒரே நாளில் வாடும் கீரை மூன்று நாள் தாங்கும், வெண்டை ஐந்தாறு நாள் தாங்கும். தக்காளி, கத்தரி, வாழைக்கு இது குளிர்சாதனப் பெட்டியைவிடவும் ஏற்றது. அதிகக் குளிரில் இவற்றுக்கு வரும் கறுப்பும் சொத்தையும் இங்கே வராது. பழுக்கிற மாம்பழம், வாழைப்பழத்தோடு கீரையைச் சேர்த்து வைத்தால் அவை விடும் எத்திலீன் வாயுவால் இலை மஞ்சளாகும்.

வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், தானியம் எதையும் இதில் வைக்காதீர்கள். உள்ளே ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், முளைக்கும் அல்லது பூசணம் பிடிக்கும். பால், இறைச்சி, மீனுக்கு இந்தக் குளிர் போதாது. ஒவ்வொரு முறை காலி செய்ததும் உட்சுவரைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, ஒரு நாள் திறந்துவிட்டு, பிறகு மறுபடி நனைத்து ஏற்றுங்கள். அடிப் பக்கம் எலி வளை இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.