இரைந்த கலிம்பாவைச் சரிசெய்த விதம்

பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிகளைத் தட்டித் தட்டையாக்கி, தேக்குப் பலகையில் பூட்டி, கட்டைவிரலால் மீட்டும் சின்ன வாத்தியமான கலிம்பா ஒன்று செய்தேன். ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் வாசிக்கும் ம்பிராதான் இதற்கு மூலம். அதைப் பார்த்துத்தான் இசை ஆய்வாளர் ஹியூ ட்ரேஸி 1950களில் தென்னாப்பிரிக்காவில் கலிம்பாவைத் தயாரித்து விற்கத் தொடங்கினார்.

எல்லாக் கம்பியும் நன்றாகப் பேசியது, நடுவில் இருந்த நீளக் கம்பியைத் தவிர. அது மட்டும் 'ஜிர்ர்' என்று இரைந்தது. ம்பிராவில் சோடா மூடி, சிப்பி எல்லாம் கட்டி வேண்டுமென்றே இரைச்சல் சேர்ப்பார்கள். அது வாத்தியம் முழுக்கப் பரவும், கேட்க அழகு. ஒற்றைக் கம்பியில் மட்டும் வந்தால் எரிச்சல்தான்.

கம்பிகளைப் பலகையோடு அழுத்திப் பிடிக்கும் சட்டத்தின் திருகுகளை இறுக்கினேன். சத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கம்பியை உருவிப் பார்த்தால், குதிரைமேல் (கம்பியைத் தாங்கும் மேடு) உட்காரும் இடத்தில் சுத்தியல் தழும்பு. அந்த மேடுபள்ளத்தால் கம்பி சரியாகப் படியாமல் குதிரையில் தட்டிக்கொண்டிருந்தது. அரத்தால் ராவி, உப்புத்தாளில் தேய்த்ததும் இரைச்சல் போயிற்று. அரம் இல்லையென்றால் கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே காகிதத் துண்டு செருகலாம். நாதம் சற்று மங்கும்.

அப்புறம் சுருதி. கம்பியை உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். 6 செ.மீ. கம்பியில் 2 மி.மீ. தள்ளினாலே அரைச்சுரத்துக்கு மேல் ஏறிவிடும். அதனால் கையால் தள்ளாமல், சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுவது நல்லது.