ஆறுக்கு நாலு பலகையில் ஒரு ரயில் பாதை: முதல்முறை செய்பவர்களுக்கு

பெட்டியைப் பிரித்து, தண்டவாளத்தை ஹால் தரையில் வட்டமாகக் கோத்து, இன்ஜினை நாலு நாள் ஆசை தீர ஓட்டி, ஐந்தாம் நாள் இருட்டில் கால் வைத்து மிதித்து உடைத்து, மிச்சத்தைப் பெட்டியில் போட்டுப் பரண் மேல் ஏற்றியாயிற்று. என் முதல் ரயில் செட்டின் கதை இவ்வளவுதான். அடுத்ததைப் பலகை மேல் போட்டேன், அதிலும் நிறைய சொதப்பினேன். மூன்றாவதுதான் இப்போது வீட்டில் ஓடுகிறது. அதை எப்படிப் போட்டேன் என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: எந்த ஸ்கேல்?

அதிகம் கிடைப்பவை இரண்டு. எச்.ஓ. என்பது அசலில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. 'என்' ஸ்கேல் 160-இல் ஒரு பங்கு, இடைவெளி 9 மி.மீ. இடம் ரொம்பக் குறைவு என்றால் 'என்' நல்லது, ஆனால் அந்தச் சின்னச் சக்கரங்களைத் தண்டவாளத்தில் ஏற்றி வைப்பதற்குள் முதல்முறை செய்பவருக்குப் பொறுமை போய்விடும். எச்.ஓ.வில் தொடங்குங்கள்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 16.5 மி.மீ.யை 87-ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. வரும், அது சென்னை மெட்ரோவின் அகலம். நம் பிராட்கேஜ் 1676 மி.மீ., எச்.ஓ.வில் 19 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் இருக்க வேண்டும். அதனால் எச்.ஓ. தண்டவாளத்தில் ஓடும் நம்மூர் இன்ஜின் மாடல் எதுவாக இருந்தாலும் காலைக் கொஞ்சம் ஒடுக்கி வைத்துக்கொண்டுதான் நிற்கும். பழகிவிடும், இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய செட் வாங்குகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மார்க்லின் என்ற ஜெர்மன் கம்பெனியின் எச்.ஓ. அருமையான பொருள், ஆனால் அது நடுவில் புள்ளிபுள்ளியாக மூன்றாவது மின் இணைப்பு வைத்து ஏ.சி.யில் ஓடும் வகை. நாம் போடப்போவது இரண்டு தண்டவாளம், 12 வோல்ட் டி.சி. இரண்டும் ஒத்துப்போகாது.

படி 2: பலகை

கடையில் 6-க்கு 4 அடி பிளைவுட் அப்படியே கிடைக்கும். 12 மி.மீ. தடிமன் போதும். அடியில் 2-க்கு 1 அங்குல ரீப்பர் கட்டையில் சட்டம், குறுக்கே ஒன்றரை அடிக்கு ஒரு கட்டை. ஆசாரியிடம் கொடுத்தால் அரை நாள் வேலை. இரண்டு பக்கமும், ஓரங்களையும் சேர்த்து, வுட் பிரைமர் அடித்துவிடுங்கள். நான் இரண்டாவது பலகைக்கு மேல்பக்கம் மட்டும் அடித்தேன். ஐப்பசி மழையில் அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து, பலகை அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது.

உயரம் மூன்றரை அடி வைத்தேன். பெரியவர்கள் நின்றுகொண்டு லேசாகக் குனிந்தால் ரயில் கண்மட்டத்துக்கு வரும், அடியில் ஒயர் வேலை செய்ய உட்காரவும் இடம் இருக்கும். கால்களுக்குச் சக்கரம் போடுங்கள். நாலடி அகலப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால், அந்தக் கோடியில் வண்டி கவிழும்போது கை எட்டாது. வண்டி எப்போதும் அந்தக் கோடியில்தான் கவிழும்.

படி 3: வரைந்து பார்ப்பது

அட்லஸ், பாக்மன் போன்ற அமெரிக்கத் தண்டவாளங்களில் 18 அங்குல ஆரத்தில் வளைவுத் துண்டு வரும். 12 துண்டு சேர்ந்தால் முழு வட்டம். நேர்த்துண்டு 9 அங்குலம். ஆறு துண்டை இரு அரைவட்டங்களுக்கு நடுவே பக்கத்துக்கு மூன்றாக வைத்தால், நீளம் சுமார் 64 அங்குலம், அகலம் 37. பலகை 72-க்கு 48. முனைகளில் நாலு அங்குலம், பக்கங்களில் ஐந்து அங்குலம் மிச்சம்.

இந்த நேர்த்துண்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு ஒரு பாயிண்ட் (பாதை இரண்டாகப் பிரியும் துண்டு) வையுங்கள். அதிலிருந்து உள்பக்கமாக மூன்று துண்டு நீளத்துக்குக் கூட்ஸ் நிறுத்த ஒரு கிளை. அவ்வளவுதான் முதல் பாதை. மேம்பாலம், எட்டு வடிவம் என்று ஆசை வரும், எனக்கும் வந்தது. கணக்கைப் பாருங்கள்: கீழே ஓடும் வண்டிக்கு மேலே பாலம் போக 3 அங்குலமாவது ஏற வேண்டும், நூற்றுக்கு இரண்டு ஏற்றத்தில் அதற்கு 150 அங்குலம் பாதை வேண்டும், இறங்க இன்னொரு 150. நம் மொத்தச் சுற்றே 167 அங்குலம்தான்.

18 அங்குல வளைவில் நீளமான பெட்டிகள் ஒத்துவராது. ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டி அசலில் சுமார் 21 மீட்டர், எச்.ஓ.வில் 24.5 செ.மீ. வளைவில் நடுவயிறு உள்பக்கம் துருத்தும், முனைகள் வெளியே போகும், பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங் இழுத்துத் தடம் புரளும். நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகன் அதில் பாதிதான், 12 செ.மீ. சொச்சம். அதனால் முதல் வண்டி கூட்ஸ்தான். ஒரு இன்ஜின், ஐந்தாறு வேகன் என்றால் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும்.

செய்தித்தாள்களை ஒட்டிப் பலகை அளவுக்கு ஒரு விரிப்பு செய்து, அதன் மேல் துண்டுகளைக் கோத்து, பென்சிலால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் வரைய ஸ்கார்ம், எனிரெயில் என்று மென்பொருள்கள் இருக்கின்றன, இந்த அளவுக்குப் பேப்பரே போதும்.

படி 4: தண்டவாளம் போடுவது

வாங்கும்போது பையில் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். ஒட்டினால் அது இரும்பு, கடலோர ஊர் ஈரத்தில் துருப்பிடித்துவிடும். ஒட்டாமலும், பித்தளை மாதிரி மஞ்சளாக இல்லாமலும் இருந்தால் நிக்கல் சில்வராக இருக்கும், அதை வாங்குங்கள். பெயரில்தான் சில்வர், உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும்.

வரைந்த கோட்டின் மேல் 5 மி.மீ. கார்க் பட்டையை ஃபெவிக்கால் தடவி ஒட்டி, ஒரு இரவு மேலே புத்தகங்களை அடுக்கி விடுங்கள். சத்தம் குறையும், பாதையும் மேடாகத் தெரியும். மறுநாள் அதன் மேல் தண்டவாளம். ஒவ்வொரு இணைப்பிலும் விரல் நுனியைத் தேய்த்துப் பாருங்கள், நகம் மாட்டினால் சக்கரமும் மாட்டும். ஒன்றைக் கழற்றி மறுபடி கோத்துவிடுங்கள். நாலைந்து இணைப்புக்கு ஒரு முறை விசிட்டிங் கார்டு தடிமனுக்கு இடைவெளி விடுங்கள். மார்கழியில் இறுக்கிப் போட்ட பாதை சித்திரையில் முதுகைத் தூக்கும். ஆணியைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே இருக்கும் ஸ்லீப்பர் கட்டையின் நடுத்துளையில் மெதுவாக இறக்குங்கள், ரொம்ப அடித்தால் பிளாஸ்டிக் கட்டை வளைந்து இரண்டு தண்டவாளமும் உள்ளே நெருங்கிவிடும்.

படி 5: மின்சாரம்

டி.சி.யில் ஓடுவது எளிமையான விஷயம். ஒரு தண்டவாளம் பாசிட்டிவ், இன்னொன்று நெகட்டிவ். வோல்டேஜ் ஏறினால் வேகம், கம்பியை மாற்றினால் திசை மாறும். கண்ட்ரோலரில் இருக்கும் குமிழும் சுவிட்சும் செய்வது அதைத்தான்.

செட்டோடு வரும் ஒரே ஒரு இணைப்பை நம்பி ஓட்டினால், கண்ட்ரோலர் பக்கம் வேகமாக ஓடும் இன்ஜின் எதிர்ப்பக்கம் போனதும் களைத்துப்போகும். துண்டுகளைக் கோக்கும் ஒவ்வொரு ஜாயினரிலும் கொஞ்சம் கொஞ்சம் வோல்டேஜ் போய்விடுவதுதான் காரணம். அதனால் பலகைக்கு அடியில் 1 சதுர மி.மீ. வீட்டு ஒயரிங் கம்பியில் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று சுற்றிலும் ஓட்டி, மூன்றடிக்கு ஒரு இடத்தில் மெல்லிய ஒயரால் மேலே தண்டவாளத்தோடு இணைத்துவிடுங்கள். வெளித் தண்டவாளத்துக்குச் சிவப்பு, உள்தண்டவாளத்துக்குக் கறுப்பு என்று முடிவு செய்துகொண்டு, கடைசிவரை மாற்றாதீர்கள்.

சால்டரிங் வைப்பதுதான் பலருக்குப் பயம். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை நெயில் ஃபைலால் பளபளப்பாகத் தேயுங்கள், துளி சால்டரிங் பேஸ்ட் தடவுங்கள், இரண்டு பக்கமும் ஈரத்துணித் துண்டு போடுங்கள். ஒயர் நுனியில் முதலிலேயே ஈயம் ஏற்றிக்கொண்டு, அதைத் தண்டவாளத்தில் அழுத்தி, நன்றாகச் சூடான அயர்னை இரண்டு விநாடி வைத்து எடுங்கள். சூடு குறைவாக இருந்து பத்து விநாடி வைத்திருந்தால்தான் கட்டை உருகும். ஒவ்வொரு இணைப்பு முடிந்ததும் மல்டிமீட்டரை இரண்டு தண்டவாளத்திலும் வைத்துப் பாருங்கள். 'பீப்' வந்தால் எங்கோ ஷார்ட். எல்லா இணைப்பும் முடித்த பிறகு தேடுவதைவிட அப்போதே பார்ப்பது நல்லது. இன்ஜின் தண்டவாளத்தில் இருக்கும்போது சோதிக்காதீர்கள், மோட்டார் வழியாகவும் 'பீப்' வரும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இல்லாத ஷார்ட்டைத் தேடினேன்.

படி 6: ஒரு வாரம் சும்மா ஓட்டுங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. தண்டவாளம் முடிந்த கையோடு மலை செய்ய ஓடுவோம். என் இரண்டாவது பலகையில் அப்படித்தான் ஒரு அழகான மலையும் குகையும் செய்து, பலகையோடு ஒட்டியும் விட்டேன். மூன்றாம் நாள் இன்ஜின் உள்ளே போனது, வரவில்லை. இணைப்பு ஒன்று லேசாகத் தூக்கியிருந்தது. கை நுழையவில்லை, கரண்டிக் காம்பும் எட்டவில்லை. கடைசியில் மலையை ரம்பத்தால் அறுத்தேன்.

அதனால் வெறும் பலகையில் ஒரு வாரம். இன்ஜினைத் தனியாக, வேகன்களோடு, முன்னாலும் பின்னாலும் ஓட்டுங்கள். வேகன்களைப் பின்னாலிருந்து தள்ளிப் போகும்போதுதான் பாதையின் கள்ளத்தனம் எல்லாம் வெளியே வரும். தடம் புரண்ட இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். ஒரே இடத்தில் மூன்று கோடு விழுந்தால் குற்றம் பாதையில். வெவ்வேறு இடத்தில் ஒரே வேகன் விழுந்தால் அந்தச் சக்கரத்தைப் பாருங்கள்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு. அசலில் மணிக்கு 60 கி.மீ. என்றால் எச்.ஓ.வில் விநாடிக்கு 19 செ.மீ. நம் சுற்று சுமார் 4.2 மீட்டர், ஆக 22 விநாடி. உங்கள் கூட்ஸ் எட்டு விநாடியில் சுற்றி வந்தால் அது ராக்கெட். திணறாமல், நிற்காமல் ஒரு சுற்றுக்கு 40 விநாடி எடுத்துக்கொண்டு வந்தால் பாதை தயார். திணறினால் தண்டவாளத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அந்தக் கீறல்களில் அழுக்கு போய்க் குடியேறும்.

படி 7: ஜல்லி

அசலில் ஜல்லி 50 மி.மீ. வாக்கில், 87-ஆல் வகுத்தால் அரை மி.மீ. சொச்சம், அதாவது ரவை. எம்-சாண்டைச் சலித்தால் கிடைக்கும். (சலித்தது அம்மாவின் மாவுச் சல்லடையில். "ஏண்டா, இதுலதான் நாளைக்கு முறுக்கு மாவு சலிக்கணும்" என்றார். வேறு வாங்கிக் கொடுத்தேன்.) சலித்ததைத் தட்டில் பரப்பி, காந்தத்தைப் பாலிதீன் பைக்குள் சுற்றி மேலே ஓட்டுங்கள். கறுப்பாக மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வருவது இரும்புத் துகள். அது அப்படியே பாதையில் கிடந்தால் இன்ஜின் மோட்டாரின் காந்தம் உறிஞ்சிக்கொள்ளும்.

பாதையில் தூவி, பெயிண்ட் பிரஷ்ஷால் கட்டைகளுக்கு நடுவே இறக்குங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு முதலில் நனைத்து, அப்புறம் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிக்காலைச் சிரிஞ்சால் சொட்டுசொட்டாக விடுங்கள். முன்னே நனைக்காமல் விட்டால் பசை உருண்டையாக நின்று ஜல்லியையும் தூக்கிக்கொண்டு உருளும். பாயிண்ட் நகரும் இடத்தில் பசை மட்டும் படவே கூடாது.

படி 8: மலை, மண், மரம்

மலையைத் தனியாகச் செய்து, தூக்கி எடுக்கிற மாதிரி வையுங்கள், காரணம் மேலே சொல்லிவிட்டேன். தெர்மோகோலை அடுக்கி ஃபெவிக்காலில் ஒட்டுங்கள். ஸ்ப்ரே பெயிண்டும் ரப்பர் பசையும் தெர்மோகோலைத் தின்றுவிடும். அறுக்கும் வேலையை மொட்டைமாடியில் காற்றில்லாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே மருந்துக்கடை பேண்டேஜ் துணியைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலில் தோய்த்துப் போர்த்தினால் பாறை மாதிரி இறுகும். மண்ணுக்கு மண்தான். செம்மண்ணை வாணலியில் வறுத்துச் சலித்துத் தூவுங்கள், பூச்சி வராது.

மரத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, சின்னதாகச் செய்வது. 12 மீட்டர் வேப்பமரம் 14 செ.மீ. இருக்க வேண்டும், 20 மீட்டர் தென்னை 23 செ.மீ. காய்ந்த துளசிச் செடியைத் தலைகீழாக நட்டு, மிக்ஸியில் அரைத்துப் பச்சை ஏற்றிய ஸ்பாஞ்ச் ஒட்டினால் வேம்பு. ஆள் பொம்மை 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு.

படி 9: ஸ்டேஷன்

கிராமத்து ஸ்டேஷனில் பிளாட்பாரம் தாழ்வாக, தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 455 மி.மீ. உயரத்தில் இருக்கும். எச்.ஓ.வில் 5 மி.மீ., அப்படியே ஒரு சன்போர்டு தடிமன், ஆனால் கார்க்கும் தண்டவாளமும் சேர்ந்த உயரத்துக்கு மேல் அது வர வேண்டும். ஒட்டுவதற்கு முன் இருப்பதிலேயே அகலமான வண்டியை ஓட்டிப் பார்த்து இடைவெளி விடுங்கள். ஒரு சிமென்ட் பெஞ்ச், ஒரு வேம்பு போதும்.

அப்புறம் மஞ்சள் பலகை. கறுப்பு எழுத்தில் மூன்று மொழியில் ஊர்ப் பெயர், கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம். பெயர் உங்கள் இஷ்டம். உயரத்துக்கு என்ன போடுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். ஹால் தரையைக் கடல் மட்டமாக வைத்துக்கொண்டால் பலகை மூன்றரை அடி, அதாவது 1.07 மீட்டர், 87-ஆல் பெருக்கினால் 93. அதையே எழுதிவிட்டேன்.