புயல் அடித்தால் சோகம் என்று எழுதாதீர்கள்

கோதிக் நாவல்களில் (திகிலும் மர்மமும் கலந்த பழைய ஆங்கில நாவல்கள்) இயற்கையும் மனநிலையும். இந்த வாரம் நான் திருத்தும் கட்டுரைக் கட்டின் தலைப்பு இது. முதுகலை மாணவனாக நான் செய்த அதே தவறுகளைப் பாதிப் பேர் செய்திருக்கிறார்கள். எழுத்துப்பிழை, பெயர்க்குழப்பம் எல்லாம் நீங்களே சரிசெய்துகொள்வீர்கள், அதற்குள் நான் போகவில்லை.

அகராதி போடுவது

மழை என்றால் துக்கம், இடி என்றால் கோபம், மூடுபனி என்றால் குழப்பம். இப்படி ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நாவலுக்குள் வேட்டைக்குப் போவது. இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும், ஏனென்றால் இதற்கு நான் விலை கொடுத்திருக்கிறேன்.

என் ஆய்வேடு மேரி ஷெல்லியின் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ (1818) பற்றியது. ஒரு ஜந்துவுக்கு உயிர்கொடுத்த விக்டர், தம்பி வில்லியம் கொலையான செய்தி கேட்டுச் சொந்த ஊரான ஜெனீவா திரும்புகிறான். ஊர்க்கதவைச் சாத்திவிட்டார்கள். கொலை நடந்த இடத்தைப் பார்க்க ஏரியில் படகேறிப் போகிறான். மோன் பிளாங்க் உச்சியில் மின்னல், அப்புறம் பெருமழை. “புயல் விக்டரின் துயரத்தைப் பிரதிபலிக்கிறது” என்று எழுதிவைத்தேன். வழிகாட்டி ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: “யார் சொன்னது?”

திரும்பப் படித்தேன். அந்தப் புயலைப் பார்த்து விக்டருக்கு உற்சாகம்தான் வருகிறது! கைகளைக் கோத்துக்கொண்டு, வில்லியம், இதுதான் உன் இறுதிச்சடங்கு, இதுதான் உன் ஒப்பாரி என்று கத்துகிறான். துக்கத்தைப் புயல்மேல் ஏற்றிவைப்பவன் அவன். சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த மின்னல். மரக்கூட்டத்தருகே நிற்பது அவனே உயிர்கொடுத்த ஜந்து. தம்பிக்காக வானம் அழுகிறது என்று நினைத்தவனுக்கு, அதே வானம் கொலையாளியைக் காட்டிக்கொடுக்கிறது. என் ஒற்றை வரியில் இதில் எதுவுமே இல்லை. அத்தியாயம் முழுக்க இப்படித்தான் இருந்தது, திருப்பி எழுத இரண்டு மாதம் ஆனது.

மனிதன் தன் உணர்ச்சியை இயற்கைமேல் ஏற்றிப் பார்ப்பதற்குத்தான் 1856இல் ஆங்கில விமர்சகர் ஜான் ரஸ்கின் ‘பேதெடிக் ஃபேலஸி’ (உணர்ச்சியால் வரும் பிழை) என்று பெயர் வைத்தார். கடல்நுரைக்குக் கொடூரம் கிடையாது, அது ஊர்ந்து வருவதும் இல்லை. துக்கத்தில் நிலைகுலைந்த மனதுக்கு அப்படித் தெரிகிறது என்றார். மாணவர்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த மனதை விட்டுவிடுகிறார்கள்.

மழையை வெறும் குறியீடாக்குவது

எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ஸில் (1847) கேத்தரீன் நேசிக்கும் ஹீத்க்ளிஃப் வீட்டை விட்டுப் போகும் இரவு, முறிந்த கிளை கூரைமேல் விழுந்து புகைபோக்கியை இடிக்கிறது. கல்லும் கரியும் அடுப்பில் கொட்டுகின்றன. சரி, கேத்தரீனின் மனம் உடைந்தது என்று எழுதலாம். ஆனால் அவள் போர்வைகூட இல்லாமல் அந்த மழையில் நிற்கிறாள். ஜுரம் வருகிறது. உடம்பு தேற அவளைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப்போன அண்டை வீட்டு லின்டன் தம்பதி அதே ஜுரத்தில் செத்துப்போகிறார்கள். இந்த நாவலில் மழை நனைக்கவும் செய்கிறது, ஜுரமும் கொண்டுவருகிறது.

இயற்கை எப்போதும் ஒத்துப்பாடும் என்று நம்புவது

சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ நினைவிருக்கிறதா? ராச்செஸ்டரை மணக்கச் சம்மதித்த இரவு ஜேனுக்கு ஒரே மகிழ்ச்சி, இடியைக் கேட்டும் பயமில்லை. காலையில் பார்த்தால், எந்த மரத்தடியில் பேசினார்களோ அந்தச் செஸ்ட்நட் மரம் பாதியாகப் பிளந்து கிடக்கிறது. ராச்செஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அவளுக்குத் தெரியாதது மரத்துக்குத் தெரிந்திருக்கிறது. (பார்த்தீர்களா, நானும் ஏற்றிவிட்டேன்.)

“இது நம்ம திணைதானே சார்”

இல்லை. நெய்தல் என்றால் இரங்கல் என்பது சங்கக் கவிதையில் புலவரும் கேட்பவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மரபு. ஷெல்லியிடம் அப்படி ஒப்பந்தம் கிடையாது. பட்டியல் போடும் கைப்பழக்கம் நமக்கு இங்கிருந்துதான் வந்ததோ என்று ஒரு சந்தேகம்.

எரிமலையோடு நிறுத்திக்கொள்வது

1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது, அதன் விளைவாக 1816இல் ஐரோப்பாவில் கோடையே இல்லை, ஜெனீவா ஏரிக்கரையில் ஷெல்லி கதையைத் தொடங்கினார். எல்லாம் உண்மை. ஒரு பத்தி போதும், நான்கு பக்கம் வேண்டாம்.

“இருண்ட சூழல்” என்று எழுதுவது

என்ன மாதம்? கண்ணாடியில் மழை விழுந்ததா? மெழுகுவத்தி எவ்வளவு மிச்சமிருந்தது? ஜந்து உயிர்பெறும் இரவைப் பற்றி ஷெல்லி மூன்றையும் சொல்லியிருக்கிறார்.