மாஸ்டர் பிளான் வரும்போது நாம் செய்யும் தவறுகள்

கோவைப் பக்கம் பெரிய டவுன்ஷிப் வருகிறது என்று பேச்சு அடிபட்டாலோ, எந்த நிலம் எதற்கு என்று ஊருக்கே கோடு போடும் மாஸ்டர் பிளானின் வரைவு வெளியானாலோ முதல் வேலையாகக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுவிடுவோம். எங்கள் ஊரிலும் போட்டோம். "பசங்க வேலைக்குப் பெங்களூருதான் போகோணுமா?" என்று ஒரு பக்கம். "போர் ஆயிரம் அடிக்குப் போயாச்சு, வர்ற வீட்டுக்கெல்லாம் தண்ணி எங்கிருந்து வரும்?" என்று இன்னொரு பக்கம். இரண்டுமே நியாயமான கேள்விதான். மூன்று மணி நேரம் போனது. சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தின் பக்கம் போனவர்கள் நாலைந்து பேர்.

அதில் ஒருவர் பக்கத்துத் தோட்டத்து மாமா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பள்ளத்தின், அதாவது ஓடையின், நீலக் கோட்டை விரலால் பிடித்து, கோயில், தார் ரோடு, தென்னந்தோப்பு என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தார். கடைசியில் திரும்பி, "ஏனுங்க, எங்க கெணறு ரோட்டு நடுவுல இருக்குதுங்களா?" என்றார். அன்றைக்கு மண்டபத்தில் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

வளர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்று பொதுவாகப் பேசிவிட்டுக் கலைவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. நகரமைப்பு அலுவலகத்துக்குப் புரிவது புல எண், அதாவது சர்வே நம்பர். எந்தக் கிராமம், எந்தப் புல எண், உட்பிரிவு என்ன, அதற்கு வரைவில் என்ன நிறம் (வீடா, தொழிலா, விவசாயமா என்று காட்டும் நிறம்) கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பட்டாவையும் எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபட நகலையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. அன்னூரில் தொழில் பூங்காவுக்கு மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கப் போவதாகச் சொன்னபோது போராட்டம் பெரிதாக நடந்தது. 2022 டிசம்பரில், தனியார் கம்பெனி ஒன்றிடம் இருக்கும் 1,630 ஏக்கரை மட்டும் எடுத்துக்கொள்வதாக அரசு சொன்னது. அங்கேயும் பேச்சு கடைசியில் எது யாருடைய நிலம் என்ற கணக்கில்தான் வந்து நின்றது.

அடுத்தது தேதி. 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, வரைவை வெளியிட்டால் ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். கோவைக்கு 1994இல் ஒப்புதலான மாஸ்டர் பிளானுக்கு அப்புறம், 2041ஐக் குறிவைத்த திருத்திய வரைவு 2024இல்தான் வெளிவந்தது. முப்பது வருஷத்துக்கு ஒருமுறை திறக்கிற கதவு! அந்த இரண்டு மாதத்தில் ஒன்றரை மாதம் வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. மீதி நாளில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அங்கே கொடுப்பது தப்பில்லை. ஆனால் அறிவிப்பில் எந்த அலுவலகம் என்று போட்டிருக்கிறதோ அங்கேயும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கியாக வேண்டும்.

மனு என்றதும் ஒன்றை எழுதி இருநூறு ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொரு கையெழுத்து. நானும் அப்படிப் போட்டவன்தான். படிக்கிறவருக்கு அது இருநூறு மனு இல்லை, ஒன்றேதான். "இந்தப் புல எண்ணில் பாசனக் கிணறு இருக்கிறது, அறுபது அடி தள்ளிப் புறம்போக்கு வண்டிப்பாதை இருக்கிறது, ரோட்டை அதன்மேல் கொண்டு போகலாம்" என்று ஒருவர் எழுதினால், அதற்குத் தனியாகப் பதில் யோசித்தே ஆக வேண்டும். வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல் மாற்று வழியையும் சொல்லிவிட வேண்டும்.

"கருத்துக் கேட்புக் கூட்டம் வரட்டும், அங்கே பார்த்துக்கலாம்" என்று காத்திருப்பவர்களும் உண்டு. தொழிற்சாலை, குவாரி மாதிரியான பல திட்டங்களுக்கு அந்தக் கூட்டம் உண்டு. முப்பது நாள் முன்னால் அறிவிப்பு வரும், கலெக்டரோ அவர் சார்பில் ஒரு அதிகாரியோ தலைமை வகிப்பார். ஆனால் 2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்கும் டவுன்ஷிப்புக்கும் அதிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. 20,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடிக்கு, மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டியதில்லை. ஆகவே வராத கூட்டத்துக்குக் காத்திருக்காமல், விண்ணப்பம் பரிவேஷ் என்கிற மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி இணையதளத்தில் ஏறியதுமே மாநில நிபுணர் குழுவுக்கு எழுத வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தைக் கூட இணைக்கலாம், பலம்தான். ஆனால் அந்தத் தீர்மானமே திட்டத்தை நிறுத்திவிடும் என்று நம்ப வேண்டாம்.

வரைபடத்தில் ரோட்டுக் கோடு விழுந்ததும் பூமி போச்சு என்று வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. பக்கத்திலேயே புரோக்கர் நிற்பார். அதே 1971ஆம் வருஷத்துச் சட்டத்தின் 38ஆம் பிரிவைப் படித்தால், ரோடு மாதிரியான பொது வேலைக்கு ஒதுக்கிய நிலத்தை மூன்று வருஷத்துக்குள் கையகப்படுத்த அறிவிக்காமலும், பேசி வாங்காமலும் விட்டால் அந்த ஒதுக்கீடு நீங்கியதாகவே கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அலுவலக வரைபடத்தில் கோடு தானாக அழியாது. எழுதிக் கேட்க வேண்டும், கோர்ட் வரை போனவர்களும் உண்டு. இதற்கு நேர்மாறாக, பச்சை நிறம் போட்டிருந்தால் விவசாய பூமி, யாரும் தொட மாட்டார்கள் என்று நிம்மதியாக இருப்பதும் தப்பு. நிலத்தின் உபயோகத்தை மாற்றித் தரச் சொல்லி, அதாவது வகைமாற்றம் கேட்டு, விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

தண்ணீர் போகிற வழியைப் பார்க்காமல் விடுவது இன்னொன்று. நம் ஊர்ப் பள்ளங்கள் வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும், பார்க்கிறவர்களுக்குக் காலியிடம் மாதிரியே தெரியும். மழை அடித்து ஊற்றினால் சங்கனூர்ப் பள்ளத்தின் ஓரம் குடியிருப்பவர்களைக் கேளுங்கள், அது யார் இடம் என்று சொல்வார்கள். திட்டம் வருகிற இடத்துக்கு மேலே எந்தப் பள்ளம், கீழே எந்தக் குளம் என்று எழுதி, பள்ளத்தின் அகலத்தை அளந்து போட்டோவோடு சேர்க்க வேண்டும். லேஅவுட்டில் பூங்கா மாதிரிப் பொது உபயோகத்துக்கான ரிசர்வ் சைட் எங்கே விடுகிறார்கள் என்பதும் அப்படித்தான். முக்கால்வாசி நேரம் மூலையில், முள் மண்டிய குழியில்தான் இருக்கும்.

மாமாவின் மனு ஒன்றரைப் பக்கம். கிணற்றின் ஆழம், கரண்ட் சர்வீஸ் நம்பர், வண்டிப்பாதையின் புல எண் எல்லாம் இருந்தது. எழுதியது என் மகள், சொல்லச் சொல்ல. முத்திரை குத்திய நகலைப் பட்டாவோடு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வருகிறார்.