புகையூட்டிய மீன்: பத்திரமாக வைப்பதும் கெட்டதைக் கண்டுபிடிப்பதும்

புகையூட்டிய மீன் லேசில் கெடாது என்று பலர் நம்புகிறார்கள். உப்பும் புகையும் கெடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். சதையில் ஈரம் இருக்கும் வரை குளிரில் வைத்துத்தான் காக்க வேண்டும்.

முதலில், உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். சூடான புகையில் செய்தது வெந்திருக்கும். சதையின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸையாவது எட்டியிருக்க வேண்டும். குளிர்ப்புகையில் செய்தது பச்சை மீன்தான். அதில் கூடுதல் கவனம் தேவை.

வீட்டில் புகையூட்டினால் கம்பித்தட்டில் வைத்து ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராகத் தேங்கி, பூஞ்சை பிடிக்கும். அதற்காக வெளியிலேயே விட்டுவிடக் கூடாது. 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போயாக வேண்டும். வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் 1 மணி நேரம்தான்.

அப்புறம், ஃபிரிட்ஜின் குளிர் 3 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்துவிடுங்கள், இது வீண் செலவே இல்லை. காரணம், போட்டுலினம் என்ற கிருமி. இதில் ஒரு வகை காற்றில்லாத இடத்தில், 3 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே வளரும். வாசனை மாறாது, ருசியும் மாறாது, ஆனால் நஞ்சு இருக்கும். 1963-இல் அமெரிக்காவில் காற்றை உறிஞ்சி அடைத்த புகைமீனைச் சாப்பிட்டுச் சிலர் இறந்தே போனார்கள். அதனால் காற்று நீக்கி அடைத்தால் நேராக ஃப்ரீசரில் வையுங்கள். உறைநிலை விலக்கும்போது பையைப் பிரித்துவிட்டு, ஃபிரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள்.

பொட்டலத்தில் தேதியை எழுதி ஒட்டுங்கள். வீட்டில் செய்ததை 2 வாரத்துக்கு மேல் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அதற்கு முன்பே தீர்த்துவிடுவது நல்லது. ஃப்ரீசரில் 2 மாதம் வரை ருசி குறையாது. கடையில் வாங்கியது என்றால் அதில் போட்டிருக்கும் தேதிதான் கணக்கு.

சரி, கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? தொட்டால் வழவழவென்று பிசுபிசுக்கும். புகை வாசனையை மீறிப் புளித்த நெடியோ, அமோனியா நெடியோ வரும். பை உப்பியிருக்கும். பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், முழுவதையும் போட்டுவிடுங்கள். ருசி பார்த்து முடிவு செய்வதும் வேண்டாம். இந்த அடையாளம் ஒன்றுமே இல்லை, ஆனால் ராத்திரி முழுக்க வெளியே கிடந்தது என்றாலும் குப்பைக்குத்தான்.

லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும், உறையவைத்தாலும் சாகாது. கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கொடுப்பதானால் உள்சூடு 74 டிகிரி வரும்வரை சமைத்துக் கொடுங்கள்.

சாப்பிட்ட பிறகு யாருக்காவது பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மீன் சாப்பிட்டதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.