கொடைக்கானலில் 80 கிலோமீட்டர் வாரம்: மதுரை ஓட்டக்காரர்களுக்கு ஒரு செய்முறை

முதலில் ஒரு ஆசையை இறக்கி வைத்துவிடலாம். ஒரு வாரம் மலையில் ஓடினால் புது ரத்தம் ஊறிவிடாது. ரத்தச் சிவப்பணுவை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஹார்மோன் ஓரிரு நாளில் கூடிவிடும். ஆனால் அதன் பலன் ஹீமோகுளோபினில் தெரிய மூன்று வாரமாவது மேலே தங்க வேண்டும். பிறகு எதற்குப் போவது? மதுரையில் காலை ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிடுகிறது. லாங் ரன்னில் 18 கி.மீ. தாண்டியதும் கால் ஓய்வதற்கு முன்பே சூடு ஆளை நிறுத்திவிடும். கொடையில் அந்தத் தடை இல்லை. இரண்டு வேளை ஓடலாம், நடுவில் தூங்கலாம். இந்த வாரத்தின் லாபம் அவ்வளவுதான். அதுவே பெரிது.

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பர் தோதானது. ஏப்ரல், மே வேண்டாம். ஏரிச் சாலையில் ஓட இடம் இருக்காது. அக்டோபர், நவம்பரில் மழை.

யார் போகலாம்

கடந்த ஒரு மாதத்தில் இரண்டு வாரமாவது மதுரையில் 75–80 கி.மீ. ஓடியவர்களுக்கு இந்தத் திட்டம். வாரம் 50 ஓடுகிறவர்கள் கீழே உள்ள எல்லா எண்ணையும் 0.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். மலைக்குப் போகிறோம் என்பதற்காகத் தூரத்தைக் கூட்டாதீர்கள். உயரமே ஒரு சுமை. ரத்தசோகை, இதயக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

மூன்று வாரத்துக்கு முன்பே லேபில் ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. அது சரியாக இருக்கும்போதே இரும்புக் கையிருப்பு காலியாகியிருக்கலாம். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட்டு வைத்தியம் பாருங்கள். கறி சாப்பிடுகிறவர்களுக்கு நம்மூர் சுவரொட்டியை (ஆட்டு மண்ணீரல்) விட நல்ல இரும்பு எதுவும் இல்லை. சைவத்துக்கு முருங்கைக்கீரையோடு நெல்லிக்காய். எதுவானாலும் டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். இரும்பு உடம்பில் சேரவிடாமல் தடுப்பதில் டீக்கு இணை கிடையாது.

பயணம்

ஆரப்பாளையத்திலிருந்து நேரடி பஸ் உண்டு. சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இதுதான் நடைமுறை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் கெடுபிடி இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுப்பவர்கள் முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. உடம்பு வற்றிப்போய் மேலே இறங்கினால் அடுத்த இரண்டு நாளும் வீண்.

சனிக்கிழமை மதியம் போய்ச் சேருங்கள். அன்று ஓட்டம் கிடையாது. ஏரியைச் சுற்றி ஒரு நடை, இரவு சீக்கிரம் தூக்கம்.

எல்லோரும் சறுக்கும் இடம்: பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்)

மதுரை கடல்மட்டத்திலிருந்து நூற்றுச்சொச்சம் மீட்டர். கொடைக்கானல் ஏரி 2,000 மீட்டருக்கு மேல். காற்றில் ஆக்சிஜன் பங்கு இரண்டு இடத்திலும் 21 சதவீதம்தான். காற்றழுத்தம்தான் குறைகிறது. அதனால் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன் மதுரையில் கிடைப்பதில் முக்கால் பங்கை ஒட்டியே இருக்கும். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறத்தாழ இதே உயரம், 2,240 மீட்டர். அங்கே மாமோ வோல்டே மாரத்தானில் தங்கம் வாங்கிய நேரம் 2:20:26. நான்கு வருடத்துக்கு முன் டோக்கியோவில் அபேபே பிகிலா ஓடியது 2:12:11. உலகத்தரக் கால்களுக்கே அப்படி என்றால் நாம் எந்த மூலைக்கு?

முதல் நாள் காலை குளிர்ந்த காற்று, சமமான ரோடு, கால் தானாகப் பறக்கும். மதுரையில் ஒரு கிலோமீட்டரை 6:30 நிமிடத்தில் ஓடுகிறவர் 6:15-ல் ஓடிவிட்டு "உயரமாவது ஒன்றாவது" என்பார். செவ்வாய்க்கிழமை அவரைப் பாருங்கள். படியேறினாலே மூச்சு வாங்கும், தூக்கம் கெட்டிருக்கும், தலை கனக்கும். முதல் சில நாளில் உடம்பு சிறுநீராக நீரை வெளியேற்றி ரத்தத்தைக் கெட்டியாக்குகிறது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைகிறது. அடி விழுவது இரண்டாம், மூன்றாம் நாளில்தான்.

எனவே ஈஸி ரன் பேஸில் கிலோமீட்டருக்கு 20 முதல் 30 விநாடி கூட்டுங்கள். 6:30 ஓடுகிறவர் 6:50–7:00. வாட்சைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. ஓடிக்கொண்டே வந்த வழியைச் சத்தமாகச் சொல்லுங்கள்: "சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடைரோடு, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு." ஒரே மூச்சில் வந்தால் பேஸ் சரி. நிலக்கோட்டையில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். வாடிப்பட்டியிலேயே நின்றால் நடங்கள்; வெட்கப்பட ஒன்றுமில்லை.

படுக்கையை விட்டு எழுமுன் நாடித்துடிப்பு பாருங்கள். வழக்கத்தைவிட ஐந்தாறு கூடுவது சகஜம். பத்துக்கு மேல் கூடினால் அன்றைய தூரத்தில் பாதி. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் 94, 95 காட்டினால் பதற வேண்டாம். கை சில்லிட்டிருந்தால் அது தப்பாகவும் காட்டும். தலைவலியோடு வாந்தி வந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ ஓட்டத்தை மறந்துவிட்டுக் கீழே இறங்கி டாக்டரைப் பாருங்கள்.

வாரம் முழுக்க

ஞாயிறு – 8 ஈஸி.
திங்கள் – 10 ஈஸி. கெத்து காட்டக் கூடாத நாள்.
செவ்வாய் – காலை 10, மாலை 4. இரண்டும் ஈஸி.
புதன் – மொத்தம் 12. நடுவில் எட்டு தடவை ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெது ஓட்டம்.
வியாழன் – 10 ஈஸி.
வெள்ளி – 4. முடியாவிட்டால் நடை.
சனி – 22 லாங் ரன்.

புதன்கிழமை ஏன் ஒரு நிமிடம்தான்? மதுரையில் செய்யும் 1,600 மீட்டர் இன்டர்வெலை (நடுவில் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப ஓடும் வேக ஓட்டம்) இங்கே போட்டால் இரண்டாவதிலேயே ஆக்சிஜன் கடன் ஏறி, பேஸ் சரிந்து, கால் பழக வேண்டிய வேகத்துக்கே போகாது. குறுகிய ஓட்டத்தில் கால் வேகமும் கிடைக்கும், மூச்சும் திரும்பும். ரிக்கவரி மதுரையில் எடுப்பதைப் போல இரு மடங்கு.

ஓட வேண்டிய இடம் ஏரிச் சாலை. ஒரு சுற்று ஏறத்தாழ 5 கி.மீ., பெரிய ஏற்றம் கிடையாது. சனிக்கிழமைக்கு நாலு சுற்றும் கொஞ்சமும். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஊரில் வேறு எந்தத் திசையில் திரும்பினாலும் மேடு. கோக்கர்ஸ் வாக் ஒரு கி.மீ. கூட வராது, அது படம் எடுக்கிற இடம். சூரிய ஆய்வகம் 2,343 மீட்டரில் இருக்கிறது, போகும் வழி முழுக்க ஏற்றம்; அந்த ரோட்டை முதல் வாரத்தில் தொடாதீர்கள். பெருமாள்மலைப் பக்கம் இறக்கத்தில் ஓடும் ஆசையும் வேண்டாம். முன்தொடை பிடித்துக்கொண்டால் நாலு நாள் போச்சு.

இருட்டில் கிளம்பாதீர்கள். காட்டுமாடு ஊருக்குள்ளேயே வந்து நிற்கும். மூடுபனியில் பத்தடி கிட்டே போகும்வரை பாறை மாதிரி இருக்கும், அசைந்தால்தான் தெரியும். எதிரே பார்த்தால் நின்று, முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். டார்ச் அடித்துப் படம் எடுக்க வேண்டாம். நன்றாக விடிந்ததும் தொடங்கி, வாடகை சைக்கிளும் குதிரையும் வருவதற்குள் முடிப்பது உத்தமம்.

சாமான்

மார்பில் கட்டும் ஸ்ட்ராப் வாங்குங்கள். குளிரில் தோலுக்கு ரத்த ஓட்டம் குறைவதால் மணிக்கட்டு வாட்ச் இதயத்துடிப்பைக் கண்டபடி காட்டும். மெல்லிய கையுறை, மழை ஜாக்கெட், தொப்பி. குளிர் என்று ஏமாறாதீர்கள், மேலே வெயில் தோலை இன்னும் சீக்கிரம் சுட்டுவிடும். ஓடி முடித்த ஐந்து நிமிடத்தில் ஈர பனியனைக் கழற்றிவிடுங்கள்.

தாகம் எடுக்காது, ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் நீர் போகிறது. மணி பார்த்துக் குடியுங்கள். அறையில் சமைப்பவர்கள் குக்கர் கொண்டுபோங்கள். அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், திறந்த சட்டியில் பருப்பு வேக வெகுநேரம் பிடிக்கும்.

திரும்பி வந்தபின்

ஞாயிறு ஓய்வு. பிறகு மூன்று நாள் ஈஸி மட்டும். ஒரு வாரம் குளிரில் இருந்த உடம்புக்கு மதுரைச் சூடு புதுசாகத் தெரியும். இறங்கின கையோடு ரேஸ் கோர்ஸ் டிராக்கில் பழைய பேஸைச் சோதிக்கப் போனால் தலைசுற்றல்தான் மிச்சம்.

பிற்சேர்க்கை: "சிறுமலை பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே போனால் ஆகாதா?" ஆகாது. ஒரு நாள் ஏற்றப் பயிற்சிக்கு நல்ல மலை, ஆனால் உயரம் போதாது, சமமான ரோடும் இல்லை. மேகமலை 1,500 மீட்டரைத் தொடும், ஆனால் 2021-லிருந்து அது புலிகள் காப்பகம். அங்கே விடியற்காலையில் தனியாக ஓடுவது சரியான யோசனை இல்லை.